காசு கொடுத்து நுரை வாங்கிய கதை

தூத்துக்குடியில் பிறந்தவன் கடல் தண்ணீரைக் காசு செலவழித்துத் தயாரிப்பான் என்று சொல்லியிருந்தால் எங்கள் ஊரில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நான் தயாரிக்கிறேன். கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம், மூன்றாவது மாடியில், 150 லிட்டர் தொட்டி. லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஐந்தேகால் கிலோ உப்பு. உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் பாறை. பவளம் கிடையாது, கல் பவளங்களை 2001இலேயே அரசாங்கம் புலியோடு ஒரே வனவிலங்குப் பாதுகாப்பு அட்டவணையில் சேர்த்துவிட்டது. ஆக என்னுடையது பவளமில்லாத பவளத்திட்டு, மாப்பிள்ளை வராத கல்யாணம்.

கீழ்வீட்டு மாஷிமா வந்து பார்த்துவிட்டு, "ஏட்டா காவா ஜாய்?" என்றார். இதைச் சாப்பிடலாமா என்று கேட்கிறார். முடியாது என்றதும் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மீன் தின்றது போக மிச்சமும், தின்று கழித்ததும் தண்ணீரில் கரைந்து நஞ்சாகும். அதற்கு முன்பே அள்ளிவிட புரோட்டீன் ஸ்கிம்மர் வேண்டும் என்றேன்.

"டாக்டர் என்னைய புரோட்டீன் சேர்த்துக்கச் சொல்லுதாரு. நீங்க காசு குடுத்து அதை வெளிய எடுக்கப் போறீகளா?" என்றாள் மனைவி.

அம்மா போனில் இன்னும் சுருக்கம். "பருப்பு கொதிக்கயில நுரை கட்டுமே, கரண்டியால எடுத்தாப் போச்சு. இதுக்கு மிசினா?"

விஷயம் அவ்வளவுதான் என்பதுதான் கொடுமை. கரைந்த அழுக்கு காற்றுக்குமிழியின் மேல் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் நுரையாகி மேலே ஏறும். கழுத்தைத் தாண்டிக் கிண்ணத்தில் விழும். உப்புத் தண்ணீரில் குமிழி பொடிப்பொடியாக நிற்கும். நல்ல தண்ணீரில் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து ஓடிவிடும், அதனால் அங்கே இந்த வித்தை பலிக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலிஃப் தெருச் சந்தைக்குப் போனேன். கிளி, நாய்க்குட்டி, செடி, மீன் எல்லாம் தெருவிலேயே விற்கும். பக்கத்தில்தான் பாக்பஜார், 1868இல் நவீன் சந்திர தாஸ் ரசகுல்லா செய்ததாகச் சொல்லும் இடம். சர்க்கரைப்பாகில் பால் விட்டு, அழுக்கோடு பொங்கும் நுரையை வழித்தெடுக்கும் மிட்டாய்க்காரர்கள் வாழும் ஊரில் நான் நுரைக்கு மோட்டார் தேடினேன்.

மூன்று கடை, மூன்று உபதேசம். மரக்கட்டை வழியாகக் காற்று ஊதும் ரகம் மலிவு, ஆனால் கட்டை அடைத்துக்கொண்டால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முள்சக்கரப் பம்பு காற்றை நறுக்கித் தள்ளும் ரகம் உயர்ந்தது; அதை வைக்கக் கீழே இன்னொரு தொட்டி வேண்டும், அங்கே எங்கள் அரிசி டின் இருக்கிறது. மிச்சம், தொட்டி விளிம்பில் தொங்குவது. பெட்டியில் '400 லிட்டர் வரை' என்று போட்டிருந்தது. இது பிரியாணிப் பொட்டலத்தில் 'நால்வருக்கு' என்று போடுவது மாதிரி. பாதியாக வகுத்துக்கொண்டால் உண்மை வரும். அதற்காக அண்டா சைஸில் வாங்கினாலும் ஆகாது. இரண்டு மீனின் அழுக்கு அதன் கழுத்துவரை ஏறக் காணாது.

தொங்குவதையே வாங்கினேன். புதுசு என்பதால் முதல் வாரம் நிதானமில்லாமல் பொங்கியது. ஒரு நள்ளிரவில் கிண்ணம் வழிந்து, மாஷிமா வீட்டு உத்தரத்தில் வங்காள விரிகுடா உதயமானது. அது அடங்கிய பிறகு திடீரென்று நுரையே வரவில்லை. பிரித்து மேய்ந்தேன். கடைசியில் பார்த்தால், வடை தின்ற கையைத் தொட்டிக்குள் விட்டிருக்கிறேன். எண்ணெய் பட்டால் நுரை செத்துவிடும். மறுநாள் தானாகவே திரும்பி வந்தது. எனக்குத்தான் வாயில் நுரை தள்ளியிருந்தது.

இப்போது கிண்ணத்தில் தினமும் மண்குடுவைச் சாயா நிறத்தில் ஒரு திரவம் சேர்கிறது. நாற்றத்தைப் பற்றி எழுதினால் பத்திரிகை விற்காது. சாக்கடையில் ஊற்றுகிறேன். இந்த ஊர்ச் சாக்கடை கிழக்கே போய் ஈரநிலத்தில் சேரும். மொத்தம் 12,500 ஹெக்டேர், 2002இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. அங்கே பேரிகள் என்கிற குளங்களில் வெயிலும் பாசியுமே ஊர் அழுக்கை மீன்தீனியாக்கிவிடுகின்றன. முள்சக்கரம் கிடையாது.

போன ஞாயிறு லேக் மார்க்கெட்டில் கட்லா வாங்கினேன். எந்தக் குளம் என்று கேட்டதற்கு மீன்காரர் கிழக்கே கை காட்டினார். வீட்டில் குழம்பு கொதித்து நுரை கட்டியது. மனைவி வழித்துப் போட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இந்தக் கரண்டி எத்தனை லிட்டர் வரைக்கும்?"