இரும்புக்கை மாயாவியின் பெல்ட் பக்கிள்

இரும்புக்கை மாயாவி மீது மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் மறையாது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்டதே இந்த ஆளை வைத்துத்தான். எங்கள் குத்தம்பாக்கத்துக்கு அவர் வந்து சேரச் சில வருஷம் பிடித்தது. அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போய், ஊரெல்லாம் கைமாறி என்னிடம் வந்தார்.

உடம்பு மறைகிறது, சரி. சட்டை, பேன்ட் எப்படி மறைந்தன? உலோகம் மறையாது என்பது கதையே போட்டுக்கொண்ட சட்டம். அப்படியென்றால் பெல்ட் பக்கிளும், பேன்ட் ஜிப்பும், பையில் கிடக்கும் சில்லறையும் அந்தரத்தில் மிதந்து வர வேண்டாமா? அன்று ஒரு பயல் இதைக் கேட்கவில்லை. எங்களுக்கு இருந்த ஒரே சந்தேகம், எந்த பிளக்கில் விரலை விட்டால் மறையலாம் என்பதுதான். மின்சார வாரியம் அடிக்கடி கரன்ட்டை நிறுத்தி எங்கள் உயிரைக் காப்பாற்றியது.

பூந்தமல்லிக் கொட்டகையிலும் இதே கதைதான். கதாநாயகன் கன்னத்தில் ஒரு மரு ஒட்டிக்கொண்டு வருவார். கூடப் பிறந்த தங்கைக்கே அடையாளம் தெரியாது. வில்லன் கைகுலுக்கி, பக்கத்தில் உட்கார வைத்து, கடத்தல் திட்டம் முழுவதையும் சொல்லுவான். பெஞ்சு டிக்கெட்டிலிருந்து எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். இன்றைக்கு மருவைக் கிண்டலடிக்கும் பிள்ளைகள், சூப்பர்மேன் 1938 முதல் ஒரு மூக்குக்கண்ணாடியை வைத்தே பிழைப்பு நடத்துவதை மறந்துவிடுகிறார்கள். அவரோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் லோயிஸ் லேன் ஒரு பத்திரிகை நிருபர். துப்புத் துலக்குவதுதான் அந்த அம்மாளுக்குச் சம்பளம்! 1978 படத்தில் அதே சூப்பர்மேன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னால் திருப்பிவிடுகிறார். அந்த வித்தை கைவசம் இருக்கிறவர் அடுத்த படத்தில் எதற்காக அடி வாங்குகிறார் என்று கேட்டால், நாம் கெட்டவர்கள்.

இப்போது அம்பத்தூரிலிருந்து லீவுக்கு வரும் அக்கா மகன் இருக்கிறான். படத்தை ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கமே அவனுக்குக் கிடையாது. நிறுத்துவான், பின்னால் தள்ளுவான், சிரிப்பான். ஒருநாள் 'எந்திரன்' படத்தின் அடுத்த பாகமான '2.0' ஓடிக்கொண்டிருந்தது.

“மாமா, எந்திரன் எந்த வருஷத்துல முடியுது?”

“2010-ல வந்த படம்டா.”

“வந்ததைக் கேக்கல. கதை முடியறது 2030-ல. சிட்டி ரோபோ மியூசியத்துல பார்ட் பார்ட்டா இருக்கு. ஸ்கூல் பசங்க வந்து ஏன் இதைக் கழட்டிட்டாங்கன்னு கேக்கறாங்க. நடுவுல எழுந்து வந்து ஊரையே காப்பாத்திட்டுப் போச்சே, அதை ஒருத்தராவது சொல்றாங்களா?”

என்னிடம் பதில் இல்லை. அவன் விடவில்லை. பறந்துபோன அத்தனை செல்போனில் ஒன்றாவது சார்ஜ் தீர்ந்து கீழே விழுந்ததா என்றான். 2018 நவம்பரில் படம் வெளிவரும் நேரத்தில், செல்போன் கம்பெனிகளின் சங்கமே சென்சார் போர்டுக்குப் புகார் அனுப்பியது. கதிர்வீச்சு பற்றிப் படம் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பது அவர்கள் கட்சி. செத்துப்போன ஒருவரின் ஆவி செல்போன்களை ஒன்றுசேர்த்து ராட்சதப் பறவையாக எழுவதைப் பற்றி அவர்களுக்கு மனத்தாங்கல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

என் கட்சி வேறு. ஆள் பறக்கட்டும், அதற்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறோம். தான் போட்ட சட்டத்தைக் கதையே மீறும்போதுதான் எரிச்சல் வருகிறது. 2023-ல் வந்த 'மாவீர'னில் சிவகார்த்திகேயன் காதில் ஒரு குரல் கேட்கிறது. அவர் அண்ணாந்து பார்க்கிறார். எங்கிருந்து வருகிறது, யார் அனுப்பியது என்று கடைசிவரை விளக்கமே கிடையாது. ஆனாலும் குரல் அவருக்கு மட்டும்தான் கேட்கும் என்ற ஏற்பாட்டைப் படம் காப்பாற்றியது. அக்கா மகன்கூட நிறுத்தாமல் பார்த்தான்.

பக்கத்திலேயே செம்பரம்பாக்கத்தில் ஈவிபி ஃபிலிம் சிட்டி வந்த பிறகு, ஷூட்டிங்கில் கூட்டத்தோடு நிற்கப் போகிறவர்கள் சொல்லும் கதைகள் தனி. வில்லனுக்குப் பயந்து வலமிருந்து இடமாக ஓடிய அதே ஆள், அடுத்த ஷாட்டில் இடமிருந்து வலமாக வில்லனை நோக்கியே ஓடிவருவார். பேட்டா இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான்.

போன லீவில் அவனுக்கு நானே ஒரு கதை சொன்னேன். ஊர் பேர், ஆள் பேர் சொல்லவில்லை. ஒரு விஞ்ஞானி மத்திய அரசு வேலையை விட்டுவிட்டு சொந்த ஊருக்கு வந்து ஊராட்சித் தலைவர் ஆகிறார். மழைநீர் வடிகால் கட்ட வேண்டும். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கிரானைட் கல்லை வாங்கி மலிவாகக் கட்டிவிடுகிறார். விதிப்படி கட்டவில்லை என்று அவரைப் பதவியிலிருந்து சஸ்பெண்ட் செய்கிறார்கள்.

“நிறுத்துங்க மாமா. செலவைக் குறைச்சதுக்கு சஸ்பெண்டா? இன்டர்வெல்லுக்காக வலிஞ்சு வெச்ச ட்விஸ்ட். அதுவும் விஞ்ஞானி வேலையை விட்டுட்டு பஞ்சாயத்து பிரசிடென்ட்... ஸ்கிரிப்ட்ல வேலையே பாக்கல.”

கிராமசபை திரண்டு தலைவர் பக்கம் நின்றதையும், சஸ்பெண்ட் உத்தரவு ரத்தானதையும் சொல்வதற்குள் போனை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். அந்தத் தலைவர் பெயர் இளங்கோ. குத்தம்பாக்கம் அவரை 1996-ல் தேர்ந்தெடுத்தது. 2001-ல் மறுபடியும் தேர்ந்தெடுத்தது.