கேஸ் போயிருக்கும், சார்

நேற்று இரவு நன்றாகத் தூங்கியவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது உத்தமம். அப்படிப்பட்ட பாக்கியசாலிகளோடு சம்பாஷிக்கும் மனோநிலையில் நான் இப்போது இல்லை. சென்னையில், மே மாதத்தில், கத்திரி வெயில் தன் பூரண அதிகாரத்தைச் செலுத்திக்கொண்டிருக்கும் சமயத்தில், படுக்கையறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஏ.சி.யானது மூன்று நிமிஷம் ஓடுவதும், பிறகு 'டக்' என்று நின்றுவிடுவதும், நான் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்காரும் தருணம் பார்த்து மறுபடியும் 'டக்' என்று புறப்படுவதுமாக விடிய விடிய இப்படியே காலட்சேபம் செய்தால், அந்த வீட்டு எஜமானனுக்கு உலகத்தைப் பற்றி என்ன அபிப்பிராயம் உண்டாகும் என்பதை நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தலைமைக் குமாஸ்தா இத்தகைய சந்தர்ப்பத்தில் வேறென்ன செய்வான்? கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் 'இயக்கம்', 'நிறுத்தம்', 'விசேஷக் குறிப்பு' என்று மூன்று பத்தி பிரித்து, கைக்கடிகாரத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பத்தியில் எழுதத்தக்க விஷயம் எதுவும் கிடைக்கவில்லையே என்ற குறையை, "எதுக்குங்க இந்த நேரத்துல கணக்கு எழுதிக்கிட்டு, படுங்களேன்" என்று சொல்லி என் மனைவி நிவர்த்தி செய்தாள். அவள் வாக்கியத்தை நேரத்தோடு அங்கே பதிவு செய்தேன்.

இந்த உபத்திரவத்தின் உண்மையான காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். அதை இக்கட்டுரையிலேயே தெரிவித்துவிடப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால், நான் வாயைத் திறந்து அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாதபடி ஊர் முழுவதும் வியாபித்திருக்கும் ஓர் அபிப்பிராயத்தைச் சற்றே கவனித்தாக வேண்டும். அதாவது, கேஸ்.

காலையில் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்குப் போனபோது, என் முகத்தைப் பார்த்த வாட்ச்மேன், "ராத்திரி ஏசி ஓடலைங்களா ஐயா? கேஸ் போயிருக்கும்" என்றார். மாடி வீட்டு மாமி, இயந்திரத்தைப் பற்றிய முழு விவரத்தையும் பொறுமையோடு கேட்டுவிட்டு, "கேஸ்தான்" என்றார். மதுரையிலிருந்து மைத்துனன் தொலைபேசியில் பேசினான். அவனுக்கு இயந்திரத்தின் சத்தம்கூடக் கேட்கவில்லை, இருந்தாலும் கேஸ். இவர்களெல்லாம் சாதாரண ஜனங்கள், போகட்டும். மெக்கானிக் என்ற மகானுபாவர் வந்தார். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, தலைக்கவசத்தையும் கழற்றாமல், இரண்டாவது மாடி பால்கனிக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அவுட்டோர் யூனிட்டைத் தெருவிலிருந்தே அண்ணாந்து பார்த்தார். "கேஸ் இல்ல சார்" என்றார்.

எனக்கு என் பெரியப்பா ஞாபகத்துக்கு வந்தார். தஞ்சாவூர் ஜில்லாவில் நெல்லும் வாழையுமாக வாழ்ந்த அந்தப் பெரியவர், மனித சரீரத்தில் உண்டாகும் சகல வியாதிகளுக்கும் ஒரே காரணத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்: வாயு. முழங்கால் வலித்தால் வாயு கீழே இறங்கியிருக்கிறது. தலை சுற்றினால் மேலே ஏறியிருக்கிறது. வலி இடம் மாறினால் வாயு பிரயாணத்தில் இருக்கிறது. வலியே இல்லாவிட்டால் எங்கேயோ தங்கிவிட்டது, சீக்கிரம் புறப்படும். உருளைக்கிழங்கு வாயு, வாழைக்காய் வாயு, மொச்சை சாட்சாத் வாயு. சித்தப்பா மகன் எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியபோது, பரீட்சைக்கு முந்தின நாள் வீட்டில் காராமணிக் குழம்பு வைத்த விவரத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு, அத்தோடு அந்த விவகாரத்தை முடித்துவிட்டார். ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் இருக்கும்வரை டாக்டர் எதற்கு என்பது அவர் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தம் அவரோடு போய்விடவில்லை. இன்றைக்கும் நம்மவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், சுற்றியிருக்கும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் "கேஸ் ட்ரபிளா இருக்கும், ஒரு சோடா குடிங்க" என்கிறார்கள்; ஒன்பதாவது ஆசாமி சோடா வாங்கப் போயிருக்கிறான். மனித சரீரத்துக்கே இதுதான் வைத்தியம் என்றிருக்கும் தேசத்தில், ஓர் ஏ.சி. இயந்திரம் வேறு நோயால் அவதிப்பட உரிமை கோருவது அகம்பாவம் அல்லவா?

யோசித்துப் பார்க்கும்போது, ஒரு காரணத்துக்கு இருக்க வேண்டிய சகல லட்சணங்களும் கேஸுக்கு இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் கிடையாது. கெபாசிட்டர் கெட்டுப்போயிற்று என்று ஒருவர் சொன்னால், அந்த அலுமினிய டப்பாவைக் கையில் வாங்கி, அதன் தலை உப்பியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கலாம். அதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோபாரடுக்கும் மீட்டர் காட்டும் மைக்ரோபாரடுக்கும் வித்தியாசம் உண்டா என்று வழக்காடலாம். ஃபில்டரில் தூசு என்றால் அந்தத் தூசு என் விரலில் ஒட்டும். கேஸ் விஷயத்தில் எதைக் கேட்பது, எங்கே தொடுவது? போனதையும் பார்க்கவில்லை, வந்ததையும் பார்க்கவில்லை. சிலிண்டரை மாட்டி, சிவப்பும் நீலமுமாக இரண்டு குழாய் தொங்கும் மானியை ஒரு பார்வை பார்த்து, 'புஸ்' என்று கொஞ்சம் வெளியே விட்டு, "இப்ப பாருங்க சார், ஜில்லுனு வரும்" என்று அவர் சொல்லும்போது, அந்தக் குளிர்ச்சியை நான் உணர்வதாகவே எனக்குத் தோன்றிவிடுகிறது. பணத்தை எண்ணிக் கொடுத்த மனிதனுக்கு அதற்குமேல் உணராமலிருக்கத் தைரியம் வருமா?

அந்தக் கேஸ் எங்கேதான் போகிறது என்று ஒருவராவது கேட்டதுண்டா? செப்புக் குழாய்க்குள், பற்றவைத்து மூடிய வளையத்துக்குள், அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. அறைக்குள்ளிருக்கும் சுருளில் ஆவியாகும்போது அறையின் உஷ்ணத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸரால் அமுக்கப்பட்டு, வெளியே போய், அந்த உஷ்ணத்தையெல்லாம் தெருவில் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. மயிரிழை போன்ற கேப்பில்லரி வழியே அழுத்தம் தணிந்து மறுபடி உள்ளே வருகிறது. இதில் எரிந்து போவதும் இல்லை, தேய்ந்து போவதும் இல்லை. வருஷா வருஷம் கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அப்போது செய்ய வேண்டியது, நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டு அடைத்து, வேக்யூம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் இழுத்து வெளியேற்றிவிட்டு, யூனிட்டின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை கிராமைத் தராசில் நிறுத்து ஏற்றுவது. தராசு! இந்த நகரத்தில் கத்தரிக்காய் விற்கிறவரிடம் தராசு இருக்கிறது. கிராம் கணக்கில் ஏற்ற வேண்டிய வஸ்துவை விற்கிறவர் மட்டும் காதை வைத்துக் கேட்டே நிறுத்துவிடுகிறார்.

இதில் 'புஸ்' என்று விடுகிறாரே, அது அற்ப சமாசாரமல்ல. பழைய ஆர்-22 ஓசோன் படலத்தை அரிக்கும்; ஓசோனை அரிக்கும் வஸ்துக்களைக் கட்டுப்படுத்தத்தான் 1987-இல் மாண்ட்ரியலில் தேசங்கள் கூடி உடன்படிக்கை செய்துகொண்டன. இப்போது வரும் ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனால் லேசாகத் தீப்பற்றும் குணம் உடையது. என் மெக்கானிக் பீடி பிடிக்கிறவர் என்பதை இந்த இடத்தில் குறிப்பிட்டு வைக்கிறேன்.

தவிர, கேஸ் குறைந்தால் அறை குளிராது. குளிராத அறையில் இயந்திரம் சளைக்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், குறைந்தபட்சம் கம்ப்ரஸர் சூடேறித் தானே அறுத்துக்கொள்ளும் வரையிலாவது. என் இயந்திரமோ குளிர்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு மூன்று நிமிஷத்தில் நிற்கிறது. இந்தத் தர்க்கத்தை நான் மெக்கானிக்கிடம் சாங்கோபாங்கமாக எடுத்துரைத்தேன். அவர் முழுவதையும் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். "அதான் சார், கேஸ் கம்மியா இருக்குறதால சீக்கிரம் நின்னுடுது" என்றார்.

என் மைத்துனன் விஷயத்துக்கு வருகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஒரு டன் போதும் என்று நான் சொல்ல, "பெருசா இருந்தா நல்லதுதானே அத்தான்" என்று கடையில் வைத்து இரண்டு டன்னை முடிவு செய்தவன் அவன்தான். 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு உஷ்ணம் வேண்டுமோ, அவ்வளவு உஷ்ணத்தை அதே கால அளவில் அறையிலிருந்து வெளியேற்றும் சக்திதான் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு. ஆக, நானும் என் மனைவியும் மட்டும் படுத்துக்கொள்ளும் அறையில் நாளொன்றுக்கு 1,800 கிலோ பனிக்கட்டிக்குச் சமானமான ஏற்பாடு நடக்கிறது. பனிக்கட்டிக்கும் இந்த ஊருக்கும் பழைய பந்தம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் மெரினாவில் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார், இப்போது அது விவேகானந்தர் இல்லம். சமுத்திரங்களைக் கடந்து, உருகியது போக மீதி வந்த அந்தக் கட்டியை அன்றைய துரைமார் எத்தனை சிக்கனமாகச் செலவு செய்திருப்பார்கள்! என் மைத்துனன் அந்த வரிசையில் வந்தவன் அல்லன்.

பெரிய இயந்திரம் செய்வது என்னவென்றால், அறையின் காற்றை மட்டும் அவசர அவசரமாகக் குளிர வைத்து, 'என் கடமை முடிந்தது' என்று நின்றுவிடுகிறது. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த மேற்குச் சுவரும், மெத்தையும், பீரோவும் தங்கள் உஷ்ணத்தை நிதானமாக வெளியிட, காற்று மறுபடி சூடாகிறது. இயந்திரம் மறுபடி 'டக்'. காற்றிலுள்ள ஈரமோ அப்படியே இருக்கிறது, ஏனென்றால் ஈரம் படிந்து சொட்டுவதற்குச் சுருள் தொடர்ந்து குளிர்ந்திருக்க வேண்டும். 1902-இல் வில்லிஸ் கேரியர் இந்த இயந்திரத்தை வடிவமைத்ததே ப்ரூக்ளினில் ஓர் அச்சுக்கூடத்துக் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்கி வர்ணங்கள் இடம் பிசகாமல் இருப்பதற்காகத்தான். எங்கள் வீட்டில் இதற்குச் சாட்சி பால்கனியிலிருக்கும் நீல வாளி. வடிகுழாய்த் தண்ணீரை வீணாக்காமல் பிடித்து வீடு துடைப்பது என் மனைவியின் வழக்கம். நல்ல ஆரோக்கியத்தோடு இயந்திரம் ஓடிய காலத்தில் விடியும்போது வாளி தளும்பும். இன்று காலையில் அடியில் ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது. அதிலும் ஒரு கொசு மிதந்தது.

இந்த நியாயத்தின்படி இரண்டு டன்தான் குற்றவாளி என்று வாசகர்கள் தீர்ப்பெழுதிவிட வேண்டாம். வாங்கிய வருஷத்திலும் அது இரண்டு டன்னாகத்தான் இருந்தது; அப்போது கால் மணி நேரமாவது ஓடிற்று. வெளியே யூனிட்டின் பின்புறத்தில் புறாக்கள் ஈர்க்குச்சியும் ஒயர்த் துண்டுமாகக் கூடு கட்டியிருந்தன. அதை அப்புறப்படுத்தியாயிற்று, புறாக்களின் ஆட்சேபணை இன்னும் நடக்கிறது. இரவு பத்து மணிக்குக் குடியிருப்பு முழுவதும் ஏ.சி. போடும்போது மின்னழுத்தம் இறங்கி ஸ்டெபிலைசர் துண்டிப்பதுண்டு. அதையும் கவனித்தேன், நேற்று அதன் பச்சை விளக்கு அசையவில்லை. 2020 முதல் 24 டிகிரியை இயல்பு நிலையாக வைத்தே ஏ.சி.கள் வர வேண்டும் என்று சர்க்கார் விதி செய்திருந்தும் 27-க்குக் கீழே இறங்கச் சம்மதிக்காத என் மனைவியின் மீதும் சற்றே சந்தேகம் கொண்டேன். அந்தச் சந்தேகத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதவில்லை.

எனவே, உண்மையான காரணம். உள் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவினால், அலுமினியத் தகடுகளுக்கு முன்னால் மிளகு அளவில் கறுப்பான ஒரு சிறு பொருள், மெல்லிய ஒயரின் நுனியில், பிளாஸ்டிக் கொக்கியில் தொங்க வேண்டும். அறைக் காற்றின் உஷ்ணத்தை உணர்ந்து இயந்திரத்துக்குச் சொல்லுகிற கருவி அது. சென்ற மாதம் சர்வீஸுக்கு வந்து தண்ணீர் பீய்ச்சி அலம்பிவிட்டுப் போனவர்கள், அதை மறுபடி மாட்டும்போது

இவ்விடத்தில் தொலைபேசி மணி அடித்தது. மெக்கானிக். நாளைக்குப் பத்து மணிக்குச் சிலிண்டரோடு வருவதாகவும், ஃபுல் கேஸ் அடித்துவிடலாம் என்றும், 'டாப் அப்' என்றால் நிற்காது என்றும் சொன்னார். கருவியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றார். நான் குரலை உயர்த்தி, வருகிறபோது தராசு ஒன்று அவசியம் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம் என்றேன்.

சற்று நேரம் அந்தப் பக்கத்தில் பேச்சில்லை.

"பழைய பேப்பர்காரருக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்றீங்க போல, சார்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.