செம்பருத்தியும் அரளியும்: நல்லூர் லைன் வீட்டு வாசலில் ஓர் ஒப்பாய்வு

இந்த ஆய்வின் களம் நல்லூர். 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சியாக இருந்த ஊர். இன்னும் துல்லியமாகச் சொல்வதானால், ஆறு குடித்தனம் இருக்கும் ஒரு லைன் வீட்டின் வாசல். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை ஒரு செம்பருத்தி, ஒரு அரளி. இரண்டே செடியை வைத்து ஆய்வா என்று கேட்பவர்கள் பனியன் கம்பெனிப் பக்கம் வந்து பார்க்கலாம். அங்கே ஒரு சாம்பிள் பீஸைப் பார்த்துவிட்டுத்தான் பல ஆயிரம் பீஸுக்கு பையர் தலையாட்டுகிறார். நான் ஒன்று கூடுதலாகவே வைத்திருக்கிறேன்.

கருதுகோள் இதுதான்: செம்பருத்தி ஷிப்ட் சம்பளக்காரி, அரளி பீஸ் ரேட்டுக்காரி. முன்னவளுக்கு நேரத்துக்கு டீ வர வேண்டும். பின்னவள் யார் கண்ணிலும் படாமல் வேலையை முடித்துவிடுவாள்.

முதலில் பெயராய்வு. லின்னேயஸ் 1753-ல் இரண்டுக்கும் பெயர் வைத்தார். செம்பருத்தியைச் சீன ரோஜா என்றார். நம் ஆட்கள் பருத்தி என்றார்கள். நம்மவர்களே கெட்டி. பருத்தி, வெண்டை, செம்பருத்தி எல்லாம் மால்வேசி குடும்பத்துப் பங்காளிகள். ஆக, பனியன் ஊரில் செம்பருத்தி அண்ணன் வீட்டுக்கு வந்த தங்கச்சி. அந்த உரிமையில்தான் அத்தனை சிணுங்கலும்.

சிணுங்கலில் முதலிடம் தண்ணிக்கு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். தண்ணீரில் நூலும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைப் போட்டால்தான் சமாதானம் ஆகும். அந்த உப்பு பல வருடம் நொய்யல் ஆற்றில் இறங்கியது, நிலத்தடிக்கும் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை ஊரே அறிந்தது. அண்ணன் துணிக்குச் சாயம் ஏற்றிய உப்பு தங்கச்சிக்கு ஆகவில்லை. போர் தண்ணியை ஊற்றினால் இலை ஓரம் தீய்ந்து, மொட்டு பூக்காமலேயே உதிர்கிறது. குழாயில் நல்ல தண்ணி வரும் நாளில் முதல் குடம் குடிக்க, இரண்டாவது சமைக்க, மூன்றாவது செம்பருத்திக்கு. எங்கள் லைனில் நடந்த குழாயடிச் சண்டைகளில் கணிசமானவை இந்த மூன்றாவது குடத்தால் வந்தவை.

அடுத்தது மாவுப்பூச்சி. பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் வெள்ளையடித்தது. அதை அடக்க 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குட்டிக் குளவிகளை வரவழைத்தார்கள். ஒரு செடிக்கு வெளிநாட்டு ஆள் இறக்கியது வேறெந்த வீட்டுச் செல்லத்துக்கும் நடக்காதது. நம் வாசல் அளவில் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு. எறும்பையும் விரட்ட வேண்டும். மாவுப்பூச்சி விடும் தேனுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். மழைக்கு முன் கவாத்தும் உண்டு, ஏனென்றால் பூ புதுத் துளிரில்தான் வரும். இத்தனையும் செய்தால் அவள் தரும் பூவின் ஆயுள் ஒரே நாள்.

அரளியைப் பற்றி எழுத அவ்வளவு இல்லை. நீரியம் என்ற அதன் தாவரவியல் பெயர் ஈரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், ஓடைக்கரையில் வளர்வதால். ஆனால் ஓடை வற்றினாலும் அது வற்றாது. நொய்யல் கரைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உப்புத் தண்ணியும் அதற்குத் தண்ணிதான். ஆடு வாய் வைக்காது, இலையிலிருந்து வேர்வரை நஞ்சு என்பதால். நான்கு வழிச்சாலையின் நடுவில் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு பூப்பதும் இதுவே. வெட்டினால் கையைக் கழுவ வேண்டும், வெட்டிய குச்சியை அடுப்பில் வைக்கக் கூடாது, குழந்தைகள் கடிக்காமல் பார்க்க வேண்டும். அதாவது கவனிப்பு செடிக்கு அல்ல, நமக்கு.

மூன்று வருடம் அரளிக்கு நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. அது ஓட்டைத் தாண்டி வளர்ந்து, பிரதோஷத்துக்குப் பிரதோஷம் ஒரு கூடை பூ ஈஸ்வரன் கோயிலுக்குப் போகிறது. எனவே ‘அரளி, கவனிப்பு: பூச்சியம்’ என்று முடிவெழுதி, வாய்மொழித் தேர்வுக்காக அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றபடி முழுவதும் கேட்டது.

“ஏங்கண்ணு, தெனமும் பாத்திரங் கழுவுன தண்ணிய அதுக்கு ஊத்தறது ஆருன்னு நெனச்சே?”

பிழைதிருத்தம்: ‘பூச்சியம்’ என வரும் இடத்தை ‘நாளொன்றுக்கு இரண்டு போசி’ எனத் திருத்தி வாசிக்கவும்.