கங்கா வீட்டுச் சுவர்

சுங்கை பட்டாணியில் நாலு பேர் கூடி நாவல் பேசுவது என்று முடிவெடுத்தால் முதலில் பிறப்பது வாட்ஸ்அப் குழு. அதற்குப் பெயர் வைப்பதில் ஒரு வாரம் போகும். காலை வணக்கப் படங்கள் போடக்கூடாது என்று சட்டம் போடுவார்கள். மறுநாள் காலை சட்டம் போட்டவரே ஒரு ரோஜாப்பூவை அனுப்பி வைப்பார். எங்கள் குழுவும் இப்படி வந்ததுதான். மாதம் ஒரு நாவல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் மடிக்கணினியைத் திறப்பார். திரையில் 'கதாபாத்திரங்களின் உந்துதல்' என்று எழுத்து வந்து விழும். கீழே மூன்று கட்டங்கள்: புறக்காரணம், அகக்காரணம், ஆழ்மனக் காரணம். எந்த நாவலாக இருந்தாலும் கட்டம் மூன்றுதான்.

நாவல் பேச்சு எங்கள் கெடா மாநிலத்துக்குப் புதிதல்ல. கூலிமில் சுவாமி பிரம்மானந்த சரஸ்வதியின் பிரம்ம வித்யாரண்யத்தில் நவீன இலக்கியக் களம் கூடியபோது தமிழ்நாட்டிலிருந்து ஜெயமோகன் போன்றவர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். எழுதுகிற ஆட்களுக்கும் பஞ்சமில்லை. சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், கே. பாலமுருகன், லூனாஸில் பிறந்த ம. நவீன் என்று பட்டியல் நீளும். 2017-இல் கோயம்புத்தூர் விஷ்ணுபுரம் விருது முத்துசாமிக்குக் கிடைத்தபோது, இங்கே பலர் அவர் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டார்கள். நம் ஆட்கள் எப்போதும் கொஞ்சம் தாமதம்.

நான் சொல்ல வந்தது இதற்கெல்லாம் முந்தைய ஒரு வாசகர் வட்டத்தைப் பற்றி. பெயர் கிடையாது, தலைவர் கிடையாது. பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்து இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், அது கூடும். அறுபதுகளின் கடைசி. பெரிய கிராணி வீட்டுக்கு ஆனந்த விகடனும் கல்கியும் வரும். அங்கே படித்து முடித்து, டிரஸ்ஸர் வீட்டுக்குப் போய், வாத்தியார் வீட்டில் கொஞ்ச காலம் தங்கி, மாதக்கணக்கில் கழித்து லயத்துக்கு இறங்கும். அதற்குள் அட்டை போயிருக்கும். தொடர்கதைப் பக்கங்களை யாராவது கிழித்து, சாக்கு ஊசியால் சணல் கோத்துத் தைத்திருப்பார்கள். நடுவில் நாலைந்து வாரம் இருக்காது. படிக்கத் தெரிந்த பையன் என்பதால் வாசிக்கிற வேலை எனக்கு. கூலி, ஒரு மங்கு கோப்பி.

விடியுமுன் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய், நிரை முடித்து, பால் கொட்டி, ஆயாக் கொட்டகையில் விட்ட பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்து, சமைத்து, துவைத்துவிட்டு உட்காருகிறவர்களுக்குக் கதாபாத்திரத்தின் ஆழ்மனத்தில் இறங்க நேரமில்லை. இரவு ஜெனரேட்டரை நிறுத்துவதற்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் பெரிய பழுவேட்டரையர் அந்த வயதில் நந்தினியை ஏன் கட்டினார் என்ற கேள்விக்கு இலக்கிய உலகம் இன்றும் கட்டுரை எழுதுகிறது. எங்கள் இஸ்தோப்பில் மண்டோர் வீட்டுப் பெரியம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். "கெழவனுக்குச் சண்டை போட்டே காலம் போச்சு. வீட்டுக்கு வந்தா வெளக்கு எரியல. வேற என்னா?" விடுபட்ட வாரங்களையும் இப்படித்தான் நிரப்பினோம். இன்னார் இன்ன சுபாவம், ஆகவே இன்னது செய்திருப்பார் என்று சபை முடிவு செய்யும். நான் அடுத்த வாரத்தை வாசிப்பேன். கல்கி ஒத்துப்போனால் சரி, போகாவிட்டால் கல்கிக்கு ஆள் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' எங்களிடம் வந்து சேர்ந்த விதமும் இதுதான். 1966-இல் விகடனில் வந்த கதை. மழையில் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுக்கப்பட்ட பெண் வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழ்நாட்டில் இந்தக் கதை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. பின்னால் ஜெயகாந்தனே அந்தத் தாயை வேறு மாதிரி நடக்கவிட்டால் என்ன ஆகும் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அதில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கங்கா. 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது. கற்பு, தாய்மை, புரட்சி என்று இன்றுவரை ஆராய்ச்சி நடக்கிறது.

எங்கள் பெரியம்மா கேட்ட கேள்வி வேறு. "ஏய்யா, அந்த வீட்டுச் செவுரு கல்லா பலகையா?"

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைதான். அதுவும் கூரை வரை போகாது. மேலே திறந்த வெளி. முதல் வீட்டில் மீன் பொரித்தால் கடைசி வீட்டுக்கு வாசம் போகும். ஒரு தாய் மகளை அடிப்பதா, அணைப்பதா, கத்துவதா, வாயை மூடிக்கொள்வதா என்பதைப் பலகையின் உயரமும் சேர்ந்து முடிவு செய்யும் என்பது அங்கிருந்த பெண்களுக்கு யாரும் கற்பித்துத் தெரிய வேண்டியதாக இல்லை. தண்ணீர் ஊற்றியது மகள் மேல் உள்ள பிரியத்தாலா, அக்கம்பக்கத்தார் காதுக்கு எட்டாமல் முடிக்கிற அவசரத்தாலா என்று அன்று இரவு பெரிய விவாதம். இரண்டும்தான் என்று தீர்ப்பு. பிற்காலத்தில் இந்தக் கதையைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இன்றைய குழுவுக்கு வருகிறேன். இப்போது நாவலே எங்களைப் பற்றியதாகிவிட்டது. அன்றைக்கு நாங்கள் சோழ இளவரசியைப் பக்கத்து வீட்டுக்காரியாக நினைத்துப் பேசினோம். இன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியைச் சோழ இளவரசியின் தூரத்தில் நிறுத்திப் பேசுகிறோம். முத்துசாமியின் 'மலைக்காடு' பேசிய அன்று ஒரு பொறியியலாளர் தம்பி எழுந்து, "தாத்தாக்கள் ஏன் அவ்வளவு குடித்தார்கள்?" என்று கேட்டார். ஆழ்மனக் கட்டம் நிரம்பி வழிந்தது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை, அதை நடத்தியது தோட்ட நிர்வாகம் என்பதைப் புறக்காரணக் கட்டத்தில் எழுத ஆள் வரவில்லை. போர் முடிந்த கையோடு பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் கள்ளுக்கு எதிராகத் தொண்டர் படை கிளம்பியதும், 1947-இல் கள்ளுக்கடையை மறித்தவர்கள் போலீஸிடம் அடி வாங்கியதும் நாங்கள் உட்கார்ந்திருந்த மாடியிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தில் நடந்தவை. துரை கள்ளுக்கடை வைத்ததன் உந்துதல் என்ன என்று எந்த ஸ்லைடிலும் நான் பார்த்ததில்லை.

நவீனின் 'பேய்ச்சி' விஷயம் இன்னும் விசேஷம். 1981-இல் லூனாஸில் விஷச் சாராயம் பல உயிர்களைக் குடித்ததே, அந்தச் சம்பவமும் கலந்த நாவல். 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. அதில் வரும் கெட்ட வார்த்தைகள் தாங்கமுடியவில்லை என்று நம்மவர்களே கொதித்தார்கள். குழாயடிச் சண்டையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள் திடீரென்று காதைப் பொத்திக்கொண்டதன் உந்துதலை ஒரு நாள் தனியாக விவாதிக்கலாம். ஆனால் முடியாது. தடை செய்த நூலைக் கையில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அப்படிப் பார்த்தால் எங்கள் குழுவில் அந்த நாவலைப் பற்றித் தைரியமாகப் பேசத் தகுதி உள்ளவர்கள் அதைப் படிக்காதவர்கள் மட்டும்தான். அவர்கள் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள்.

போன கூட்டத்தில் கோ. புண்ணியவானின் 'கையறு'. ஜப்பான்காரன் ஆள் பிடித்துப் போட்ட சயாம் மரண ரயில் பற்றிய நாவல். தண்டவாளம் 415 கிலோமீட்டர். 1942, 43-இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் போய்த் திரும்பாத பாதை. (போகாத கெடாக்காரர்களையும் சயாம் விடவில்லை. 1943-இல் ஜப்பான்காரன் கெடாவையே சயாமிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான்.) விரிவுரையாளர் கேட்டார்: "அந்த மனிதர்கள் ஏன் லாரியில் ஏறினார்கள்?" பயம் என்றார் ஒருவர். பசி என்றார் இன்னொருவர். ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டம் படுத்துவிட்டது, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு, அதுவும் சரிதான். அடிமை மனநிலை என்றார் மூன்றாமவர், ஆங்கிலத்தில்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு தங்கச்சி தன் மாமியாரை அழைத்து வந்திருந்தாள். தொண்ணூறை நெருங்கும் கிழவி. மூலையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"லாரி எங்க நின்னிச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. நாவலைப் புரட்டினார்கள்.

"எங்க தோட்டத்துல பெரட்டுக் களத்துல நின்னிச்சு. கிராணி பேரு கூப்புட்டாரு. தெனம் அங்கதான் கூப்புடுவாரு. கூப்புட்டா 'இருக்கேன்'னு சொல்லணும். எங்கப்பாவும் சொன்னாரு." மறுபடி ரொட்டியில் கை வைத்தாள்.

விரிவுரையாளர் நல்ல மனிதர். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மடிக்கணினியில் நாலாவதாக ஒரு கட்டம் போட்டார். தலைப்பு இன்னும் வைக்கவில்லை.

அடுத்த மாதம் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. வருகிறவர்கள் படித்துவிட்டு வாருங்கள். படிக்க நேரமில்லை என்றால், லயத்தில் வாழ்ந்த ஒருவரை வீட்டிலிருந்து கையோடு அழைத்து வாருங்கள். படி ஏறச் சிரமப்படுவார்கள் என்று கீழ்த்தளத்திலேயே மேசை சொல்லியிருக்கிறோம்.