பங்காளி விளக்கு

ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் காரைக்குடி நகரத்தார் வீடுகளில், வளவு விளக்கை அணைப்பதற்காக, பர்மாத் தேக்குத் தூண்களைத் தடவிக்கொண்டும் ஆத்தங்குடிக் கற்களில் வழுக்கிக்கொண்டும் நள்ளிரவில் ஒரு க்ஷேத்திராடனமே செய்யவேண்டியிருந்த சிரமத்தைப் பரிகரிக்கும் பொருட்டு, எங்கள் வீட்டில் இரு முனைகளிலும் டூ-வே சுவிட்சுகளும், இடையே நான்கு கம்பி கோத்த இன்டர்மீடியட் சுவிட்சு ஒன்றும் பிரதிஷ்டை செய்யப்பட்டன. எந்தச் சுவிட்சு மேலே நின்றாலும் கீழே நின்றாலும் விளக்கின் நிலையை அதைக்கொண்டு நிச்சயிக்க முடியாது. ஒரு பங்காளி ஏற்றியதை மற்றொரு பங்காளி எங்கிருந்தும் அணைக்கலாம் என்னும் நமது பொதுச்சொத்து சம்பிரதாயத்தை மின்சார சாஸ்திரம் இத்தனை துல்லியமாக அறிந்திருப்பது ஆச்சரியமே.

முகப்புக்கு டிம்மர். மின்சார அலையை வினாடிக்கு 100 தடவை கத்தரித்து ஒளியைக் குறைக்கும் அந்தக் குமிழ் குண்டு பல்புக்கென்று பிறந்தது. அதில் சாதாரண எல்.இ.டி. பல்பை மாட்டியதும், அது வருகிற சம்பந்திகளைப் பார்த்தெல்லாம் கண் சிமிட்டத் தொடங்கியது.

“திரிய உள்ள இழுத்தா வெளிச்சம் கொறஞ்சிட்டுப் போகுது, இதுக்கு எதுக்குடா இம்புட்டுச் செலவு?” என்றாள் அப்பத்தா.

வாசகர்களே, டிம்மர் வாங்குமுன் பல்பின் அட்டைப்பெட்டியில் ‘டிம்மபிள்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.