காற்றுப் பிரிந்ததா? – வார்டு வழக்கு குறித்த முன்னாய்வு

தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தவர் நன்னூல் தந்த பவணந்தி முனிவர். அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைப்பது இடக்கரடக்கல். கெட்டதை நல்லதாக மாற்றிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் புரிந்துகொள்ளப் பேசுவது குழூஉக்குறி. இந்த மூன்றுக்கும் சுமார் எட்டு நூற்றாண்டுகளாக ஒரே உதாரணங்கள்தான். முதலாவதற்கு 'கால் கழுவி வந்தேன்', இரண்டாவதற்கு 'துஞ்சினார்', மூன்றாவதற்குப் பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது. இத்தனை உரையாசிரியர்களில் ஒருவராவது ஒரு ராத்திரி ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் உட்கார்ந்து நர்சுகள் பேசிக்கொள்வதைக் கேட்டிருந்தால் இலக்கணமே வேறு மாதிரி ஆகியிருக்கும். அந்தக் குறையைத் தீர்க்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வுக் களமாகப் புதுச்சேரி தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1823-லேயே பிரெஞ்சுக்காரர் இங்கே மருத்துவப் பள்ளி திறந்தார்கள். அதன் வழிவந்ததுதான் 1964-ல் கோரிமேட்டில் ஜவாஹர்லால் பெயரைச் சூடிய இன்றைய ஜிப்மர். அது போக, ஸ்கூட்டரில் ஒரு மணி நேரத்தில் சுற்றிவிடக்கூடிய இந்த ஊரைச் சுற்றி அரை டஜனுக்கு மேல் மருத்துவக் கல்லூரிகள். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலையிலிருந்தெல்லாம் நோயாளிகள் இங்கேதான் பஸ் ஏறி வருகிறார்கள். நர்சுகள் வருவது இன்னும் தூரத்திலிருந்து. காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் இதே யூனியன் பிரதேசம் என்பதால் மலையாளமும் தெலுங்கும் வார்டுக்கு அந்நியமல்ல. ராஜஸ்தானிலிருந்து தேர்வெழுதி வந்த நர்சிங் ஆபீசர்களால் இந்தியும் சேர்ந்துகொண்டது. பெண் என்றால் சிஸ்டர், ஆண் என்றால் பிரதர். ஆனால் நோயாளி வலியில் 'சிஸ்டர்!' என்று கத்தும்போது மீசை வைத்த பிரதரும் திரும்பித்தான் பார்க்கிறார்.

முதலில் இடக்கர். ஆய்வின் முதல் முடிவு, வார்டில் இடக்கர் ஏராளம், அடக்கல் அறவே இல்லை என்பது.

'இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க சிஸ்டர்.' வேறெந்த அலுவலகத்திலாவது ஓர் ஊழியர் சக ஊழியரிடம் இப்படிச் சொன்னால் விசாரணைக் கமிட்டி அமைப்பார்கள். வார்டில் கேட்கப்பட்டவர் மாஸ்க்கை இறக்கி, மூக்கை நீட்டி, 'சூடோமோனாஸ் மாதிரி இருக்கு, சாருக்குச் சொல்லிடலாம்' என்று கருத்துரைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தயிர்சாதத்தைத் தொடர்கிறார். இதில் விளையாட்டு எதுவும் இல்லை. அந்தக் கிருமி பிடித்த புண்ணுக்கு ஒரு திகட்டும் இனிப்பு வாசனை உண்டு. கட்டுக்கடங்காத சர்க்கரை நோயாளியின் மூச்சில் பழவாசனை வரும். குடலில் ரத்தம் கசிந்து கறுத்து வெளியேறும் மலத்தின் நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர் ஓய்வு பெற்ற பிறகும் அடையாளம் சொல்வார்.

இந்த மூக்கு ஞானத்தை உலகம் நாய்க்குத்தான் முதலில் அங்கீகரித்தது. ஆம்ஸ்டர்டாமில் கிளிஃப் என்ற பீகிள் நாய்க்கு இரண்டு மாதம் பயிற்சி கொடுத்து, குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்னும் குடல் தொற்றை மோப்பம் பிடிக்க வார்டுக்குள் அழைத்துப் போனார்கள். தொற்றிருந்த 30 பேரில் 25 பேரை அது சரியாகக் காட்டியது. 2012-ல் பி.எம்.ஜே. ஆய்விதழில் செய்தி வெளியானது. நர்சுக்குப் பி.எஸ்சி. நாலு வருஷம், ஆய்விதழில் பேர் வாங்கியது கிளிஃப்.

மனித மூக்குக்கு நியாயம் செய்தவர் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரைச் சேர்ந்த ஜாய் மில்ன் என்ற ஓய்வுபெற்ற நர்ஸ். கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் உடம்பு வாசனை மாறிவிட்டதைக் கவனித்தவர். பின்னாளில் ஒரு கூட்டத்தில் எடின்பரோ விஞ்ஞானி டிலோ குனாத்திடம், இந்த நோயின் வாசனையை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று எழுந்து கேட்டார். அறிஞர் சபையில் கேட்கக்கூடிய கேள்வியா அது? விஞ்ஞானிக்கும் முதலில் பிடிபடவில்லை. பிறகு 12 பேர் அணிந்த டி-ஷர்ட்டுகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். நோயாளிகள் 6, நோயற்றவர்கள் 6. அந்த அம்மாள் ஏழு சட்டைகளை நோயாளிகளுடையவை என்றார். ஒன்று தப்பு என்று குறித்துக்கொண்டார்கள். அந்த ஏழாவது சட்டைக்காரருக்கும் சில மாதங்களில் பார்க்கின்சன் இருப்பது தெரியவந்தது.

மோப்பத்தை அடுத்து வருவது காற்று. வயிற்றில் அறுவை நடந்தால் குடல் சில காலம் வேலைநிறுத்தம் செய்யும். அது மறுபடி இயங்கத் தொடங்கியதற்கு எளிய சான்று, நோயாளிக்குக் காற்றுப் பிரிவது. ஆகவே நாகரிக உலகம் நடக்காதது போல் பாவிக்கும் ஒரு நிகழ்ச்சியை வார்டு ஏங்கிக் காத்திருந்து வரவேற்கிறது. 'பத்தாம் பெட்டுக்குக் காத்துப் பிரிஞ்சிடுச்சு சேச்சி!' என்று ஒரு நர்ஸ் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அறிவிக்க, அந்தக் கோடியிலிருந்து 'எப்போ?' என்று நேரம் கேட்கப்படுகிறது. கேஸ் ஷீட்டில் மணியோடு பதிவாகிறது. டியூட்டி மாறும்போது முறைப்படி ஒப்படைக்கப்படும் தகவல்களில் இதுவும் ஒன்று. பத்தாம் பெட்டின் மாமியார் கையில் இட்லிப் பொட்டலத்தோடு இதற்காகத்தான் காலையிலிருந்து நிற்கிறார்.

திடப் பொருளுக்கு அறிவியல் இன்னும் முன்னேறிய கருவி ஒன்றைத் தந்திருக்கிறது. 1997-ல் லூயிஸ், ஹீட்டன் என்ற இரு மருத்துவர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மலத்தை 7 வகையாகப் பிரித்து அட்டவணை வெளியிட்டார்கள். உருவ விளக்கத்துக்குக் கொட்டைகளையும் சாசேஜையும் துணைக்கு அழைத்தார்கள். புதுச்சேரி நகரத்துக்குச் சாசேஜை விளக்க வேண்டியதில்லை. வில்லியனூர் தாண்டினால் வேறு உவமை தேட வேண்டும். எண் இருப்பதில் வசதி என்னவென்றால், 'இன்னைக்கு நாலாம் நம்பர், சூப்பர்!' என்று ஒரு சிஸ்டர் லிஃப்டில் சொல்வதைக் கேட்பவர்கள் பஸ் நம்பர் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆக, இடக்கரடக்கல் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது.

மங்கல வழக்குக்கு ஊரே உதாரணம். கோரி என்றால் கல்லறை. அந்த மேட்டில் நிற்கும் ஜிப்மரின் அஞ்சல் முகவரியோ மருத்துவக் கடவுளின் பெயரில் தன்வந்திரி நகர். ஆட்டோக்காரருக்கு இன்றும் கோரிமேடுதான். வார்டுக்குள் மங்கலம் காக்கப்படுவது ஒரே ஒரு விஷயத்தில். நைட் டியூட்டியில், 'இன்னைக்கு வார்டு அமைதியா இருக்குல்ல?' என்று சொல்லிவிடக் கூடாது. புதிதாக வந்த பிள்ளை தெரியாமல் சொல்லிவிட்டால் மற்றவர்கள் பார்க்கும் பார்வையிலேயே அதற்குக் காய்ச்சல் வந்துவிடும். அதிலும் சனிக்கிழமை ராத்திரி, பீச் ரோட்டைச் சுற்றியுள்ள விடுதிகளெல்லாம் நிரம்பி வழியும் ஊரில், கேஷுவாலிட்டியில் சொன்னால் மணக்குள விநாயகரே வந்தாலும் காப்பாற்ற முடியாது. இங்கிலாந்திலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில், சீட்டுப்போட்டு எடுத்த சில நாட்களில் அந்த வார்த்தையைச் சொல்லியும் மற்ற நாட்களில் சொல்லாமலும் வேலைப்பளுவை அளந்தார்கள். சொன்னதால் வேலை கூடவில்லை என்று 2019 டிசம்பர் பி.எம்.ஜே.யில் முடிவு வந்தது. எந்த வார்டும் அதை நம்பத் தயாரில்லை.

குழூஉக்குறிக்கு, இதயம் நின்றவரிடம் ஓடிவரச் சொல்லும் 'கோட் புளூ' ஒன்றே போதும். தொலைக்காட்சித் தொடர்கள் அதன் ரகசியத்தைக் கெடுத்துவிட்டன.

இதுவரை சொன்ன எதையும் பேச நர்சுகளுக்குக் கூச்சம் இல்லை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். மலம், சீழ், காற்று ஆகியவை சமமானவர்களுக்கிடையே புழங்கும் சொற்கள். நாக்கு உண்மையில் ஒட்டிக்கொள்வது மேலே இருப்பவரிடம் சொல்ல வேண்டிய நாலு சாதாரண வார்த்தைகளுக்கு. பவணந்தியின் மூன்றில் எதிலும் அடங்காத இந்த நான்காவது வகைக்கு இக்கட்டுரை 'மேல்நோக்குக் கூற்று' என்று பெயரிடுகிறது.

இதை முதலில் ஆராய்ந்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் லியோனார்ட் ஸ்டைன். 1967-ல் அவர் எழுதிய கட்டுரையின் பெயரே டாக்டர்–நர்ஸ் விளையாட்டு. நர்ஸ் யோசனை சொல்ல வேண்டும்; ஆனால் அது டாக்டரின் யோசனையாகத் தோன்ற வேண்டும். இதுவே ஆட்ட விதி. நம்மூர் வடிவம் நள்ளிரவில் போனில் நடக்கும்.

'சார், பதினாலாம் பெட் தூங்கவே இல்ல சார்.'

'ம்.'

'முந்தாநாள் ராத்திரி ஒரு மாத்திரை குடுத்தீங்க சார், நல்லா தூங்கினார்.'

'அப்படியா? அதையே குடுங்க.'

'ஓகே சார், தேங்க்யூ சார்.'

மாத்திரையின் பெயர் இரண்டு பேர் வாயிலிருந்தும் வரவில்லை என்பதைக் காண்க. ஸ்டைன் பார்த்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

ஆபரேஷன் தியேட்டரில் இந்த ஆட்டம் செல்லாது. வயிற்றைத் தைத்து மூடுமுன் மாப் துணிகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை இடித்தால், 'சார், ஒரு மாப் குறையுது' என்று ஸ்கிரப் நர்ஸ் சொல்லியே ஆக வேண்டும். ஐந்து மணி நேரமாக நிற்கும் சீஃப், 'நல்லா எண்ணுங்க, உள்ளே எதுவும் இல்ல' என்பார். மறுபடி எண்ணிவிட்டு மறுபடி அதையே சொல்ல வேண்டும். மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும் இழை ஒன்றை வைத்து நெய்கிறார்களே, அது சீஃப்பின் உறுதிமொழிக்கும் சிஸ்டரின் கணக்குக்கும் இடையில் சாட்சி சொல்வதற்காகத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள 19 அம்சங்களில் மிகவும் சங்கடமானது, கத்தி வைக்குமுன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது. பதினைந்து வருஷமாக அதே தியேட்டரில் அதே சர்ஜனுக்குக் கத்தி எடுத்துக் கொடுப்பவர், அவர் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர், 'நான் ஸ்கிரப் நர்ஸ் இன்னார்' என்று அவரிடமே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் புதுதில்லி உட்பட 8 நகரங்களில் இந்தப் பட்டியலைச் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. ஒரு முறை வாய்திறந்து பேர் சொன்னவருக்கு 'மாப் குறையுது' என்று சொல்லவும் வாய் வரும் என்பதே இந்த அம்சத்துக்குச் சொல்லப்படும் காரணம்.

மேல்நோக்குக் கூற்றுகளில் மகுடம், 'சார், கை கழுவலையே' என்பது. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் இதைச் சக மருத்துவர்களிடம் சொல்லித்தான் பகையைச் சம்பாதித்தார். அவர் டாக்டர், நர்ஸ் என்ன செய்வார்? மருமகளுக்கானதை மகளைத் திட்டிச் சொல்லும் மாமியார் உத்தி வார்டில் அப்படியே பயன்படுகிறது. ரவுண்ட்ஸில் சீஃப் அடுத்த பெட்டுக்கு நகரும்போது, பின்னால் நிற்கும் ஹவுஸ் சர்ஜனைப் பார்த்து, 'தம்பி, ஹேண்ட் ரப் போட்டீங்களா?' என்று சிஸ்டர் உரக்கக் கேட்பார். அந்தப் பையன் அப்போதுதான் போட்டிருப்பான். பாவம், இன்னொரு முறை போட்டுக்கொள்வான். பாட்டில் அப்படியே சீஃப் கைக்குப் போகும்.

ஜாடை இல்லாமல் நேராகச் சொன்னதற்கும் பலன் கிடைத்த வரலாறு உண்டு. 1889-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸ், கிருமிநாசினி பட்டுத் தன் கை புண்ணாகிறது என்று சர்ஜன் ஹால்ஸ்டெடிடம் முறையிட்டார். அவர் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறைகள் செய்து வரவழைத்தார். அறுவை அரங்கில் ரப்பர் கையுறை நுழைந்தது இப்படித்தான். மறு வருஷமே இருவருக்கும் கல்யாணம் ஆனது. ஆனால் இந்தப் பலனை எல்லா வார்டிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

எனவே இவ்வாய்வு வாசகருக்கு ஒரு பரிந்துரை செய்கிறது. நீங்கள் பெட்டில் படுத்திருக்கும்போது சிஸ்டர் ஹவுஸ் சர்ஜனிடம் கை கழுவுவதைப் பற்றி உரக்கப் பேசினால், 'ஆமா சார், நீங்களும்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். நோயாளிகளும் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. மேலும், நோயாளியை நைட் டியூட்டிக்கு மாற்ற எந்த சீஃப்பாலும் முடியாது.