குறும்பி வழக்கு

எங்கும் வெள்ளம். தூங்குவதைத் தவிர வேறு வேலை இல்லாததால் திருமால் பாம்பின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அவர் காதுக் குறும்பியிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்: மது, கைடபன். அம்மா கிடையாது. அப்பா உண்டு, ஆனால் குறட்டை விடுகிறார். சோறூட்ட ஆளில்லை, காது குத்த மாமனில்லை. அதட்ட ஆளில்லாமல் வளர்ந்தவர்கள் கண்ணில் பட்ட முதல் ஆளை அடிக்கப் பாய்ந்தார்கள். பட்டவர் பிரம்மா.

பிரம்மா போட்ட கூச்சலில் தேவி மனமிரங்கித் திருமாலின் தூக்கத்தைக் கலைத்தாள். ஐயாயிரம் வருஷம் மல்யுத்தம். ஜெயிக்க முடியவில்லை. கடைசியில் தேவியின் மாயையில் மதிமயங்கிய பசங்களே, “நல்லா சண்டை போடறீங்க, என்ன வரம் வேணும்?” என்று கேட்டார்கள். “உங்க உயிர்” என்றார் திருமால். கொடுத்துவிட்டார்கள்! தண்ணீர் இல்லாத இடத்தில் கொல்லணும், அவ்வளவுதான் நிபந்தனை. தொடையில் கிடத்திச் சக்கரத்தால் அறுத்தார். பெற்ற பிள்ளைகளை அவர் மடியில் போட்டது அந்த ஒரு தடவைதான்.

இதற்காக மதுசூதனன், அதாவது மதுவைக் கொன்றவன், என்று பட்டம் வேறு. ஆயிரம் பெயர் அடுக்கும் சகஸ்ரநாமத்திலும் அது உண்டு. மதுவைப் பெற்றவன் என்று ஒரு பெயர் சேர்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

விருத்தாசலம் வருவது இதற்கப்புறம். ஊர்த் தலபுராணப்படி, வெட்டுப்பட்ட உடல்கள் வெள்ளத்தில் மிதந்தன. இந்த உடல்களும் தண்ணீரும் சேர்ந்து இறுகி நிலமாகட்டும் என்று பிரம்மா சிவனிடம் மனுப் போட்டார். கழிவை வீணாக்காத மனுஷன். சிவன் தானே மலையாக எழுந்து நின்றுவிட்டார். அது தெரியாத பிரம்மா தன் பங்குக்கு மலை மலையாகச் செய்து தள்ள, வைக்க இடமில்லை. ஆர்டர் வருமுன் உற்பத்தி! திருமால் ஜாடை காட்டிய பிறகுதான் அவருக்கு விஷயமே விளங்கியது. முதலில் நின்றது பழமலை, ஊர் திருமுதுகுன்றம், அதாவது விருத்தாசலம்.

அதே ஊரில் இன்று செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, தொழிலைச் சொல்லித்தர அரசுப் பயிலகமும் இருக்கிறது. சூளையிலிருந்து வந்த கோப்பையைத் தொழில் தெரிந்தவர் விரலால் சுண்டிப் பார்ப்பார். ‘ணங்’ என்றால் சரக்கு. ‘தட்’ என்றால் உள்ளே விரிசல். கொலுப் பொம்மைக்கு மூக்குக் கோணினால் பின்வரிசைக்குப் போகும், யாரும் சாகப்போவதில்லை. பியூஸ் கேரியர் அப்படியில்லை. கழித்ததை உடைக்காமல் மூலையில் போட்டு, அது எப்படியோ ஒரு வீட்டு மெயின் போர்டில் ஏறிவிட்டால், ஷாக் வாங்கியவன் விரிசலையா திட்டுவான்? “அது ரிஜெக்ட் மாலுங்க, நான் விக்கலைங்க” என்பது அவனிடம் எடுபடுமா?

திருமால் தரப்பு வக்கீலும் இதையேதான் சொல்வார்: அவர் படைக்கவில்லை, அழுக்கு தானாகப் பிறந்தது. சரி, காது யாருடையது? பிறப்புக்கு வேண்டுமானால் அவரை விட்டுவிடலாம், தூக்கத்தில் நடந்தது. ஆனால் ஐயாயிரம் வருஷம் கட்டிப் புரண்டாரே, நடுவில் ஒரு தடவையாவது “டேய், நீங்க என் பசங்கடா” என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லியிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். ஒருவேளை மீதிப் பாதி அதற்கப்புறம்தான் தொடங்கியிருக்கும்; அப்பன் பிள்ளை விவகாரம் அப்படி.

அந்தப் பசங்களுடைய கொழுப்பில் உண்டானதால்தான் மண்ணைத் தின்னக்கூடாது என்கிறது தேவி பாகவதம். தின்னத்தான் தடை. அளந்து கல் நட்டு, பத்திரம் போட்டு விற்க ஒரு தடையும் இல்லை. மூலப்பத்திரத்தில் மது, கைடபன் பெயரை இதுவரை எந்தச் சார்பதிவாளரும் கேட்டதில்லை.